கோப்புக்கு வயதில்லை

'அநாதை' என்ற சொல்லை நாம் யோசிக்காமலே உபயோகித்து வருகிறோம். நாதன் இல்லாதவன் அநாதன். காப்பார் இல்லாத குழந்தை அநாதை. சொல்லின் பொருள் அவ்வளவுதான். ஆனால் சட்டத்தின் கண் கொண்டு பார்த்தால் இந்தத் தேசத்தில் அப்படி ஒரு குழந்தை இருக்கவே முடியாது. பெற்றோர் இல்லாத குழந்தைக்கு அரசே பெற்றோர் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டிருக்கும் கொள்கை. தகப்பன் போனால் சர்க்கார் தகப்பன். தாய் போனால் சர்க்கார் தாய். ஆகவே நாதன் உண்டு. அவன் கோட்டையில் இருக்கிறான், கலெக்டர் காரியாலயத்தின் மாடியறையில் இருக்கிறான், அரசிதழில் இருக்கிறான். குழந்தை இருக்கும் இடத்தில்தான் அவனைக் காணோம்.

இப்படி எழுதினால் உடனே ஒரு மறுப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். "சர்க்கார் யாரையும் துன்புறுத்தவில்லையே! அது ஒன்றும் செய்யவில்லை என்று வேண்டுமானால் சொல்லுங்கள். குற்றம் செய்தது என்று எப்படிச் சொல்லலாம்?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஒன்றும் செய்யாமல் இருப்பது குற்றமாகுமா என்பதைத்தான் நானும் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

குடும்பத்தை வைத்து யோசித்தால் விடை எளிது. பிள்ளையை அடித்து நொறுக்குகிற தகப்பனை ஊர் ஏசுகிறது. இன்னொரு தகப்பன் அடிப்பதே இல்லை. ஆனால் சோறு போடுவதும் இல்லை, காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் அழைத்துப் போவதும் இல்லை. ஊர் இவனை இன்னும் அதிகமாக ஏசும். "நான் எதுவுமே செய்யவில்லையே, ஐயா!" என்று அவன் கையை விரித்தால், அந்த வாக்கியமே அவன் மேல் குற்றப்பத்திரிகையாகிவிடும். இது ஊர் வழக்கு மட்டும் அன்று. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையை வேண்டுமென்றே புறக்கணித்துத் துன்பத்துக்கு உள்ளாக்குகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம் என்கிறது. பெற்றெடுத்த தகப்பனுக்கு ஒரு நியாயம்; சட்டம் நியமித்த தகப்பனுக்கு மட்டும் வேறு நியாயமா?

'சர்க்கார் ஒன்றுமே செய்வதில்லை' என்று மொத்தமாகப் பழிப்பதும் சரியில்லை. சட்டம் இயற்றுவதில் நம்மவர்கள் சோம்பேறிகள் அல்லர். அநாதை இல்லங்களையும் தரும இல்லங்களையும் மேற்பார்வை பார்க்க 1960-லேயே ஒரு சட்டம் வந்தது. 1974-இல் குழந்தைகளுக்கென்று ஒரு தேசியக் கொள்கை வந்தது. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தை உரிமைகளுக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1992 டிசம்பரில் இந்தியா அதை ஏற்றது. 1993-இல் தேசிய மனித உரிமை ஆணையம் பிறந்தது. 1997-இல் தமிழ்நாட்டுக்கும் ஓர் ஆணையம் கிடைத்தது. 2000-இல் இளைஞர் நீதிச் சட்டம், 2007-இல் குழந்தை உரிமைகளுக்கென்றே ஒரு தேசிய ஆணையம், 2015-இல் மறுபடி புதிய இளைஞர் நீதிச் சட்டம். வரிசையாகச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது.

அரசியல் சட்டத்தை எழுதியவர்களும் குழந்தையை மறந்துவிடவில்லை. குழந்தைகள் சுதந்திரத்தோடும் கண்ணியத்தோடும் வளர வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அவர்கள் கைவிடப்படாமல் காக்க வேண்டும் என்பது 39-ஆம் பிரிவில் இருக்கிறது. 1976-இல் 42-ஆவது திருத்தம் அதை இன்னும் விரிவாக்கியது. ஆனால் இரண்டு பிரிவுகள் முன்னாலே போய் 37-ஆம் பிரிவைப் படித்தால் ஒரு சங்கதி தெரியும். இந்தப் பகுதியில் உள்ள எதையும் நிறைவேற்றும்படி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்த முடியாது. ஆயினும் நாட்டின் ஆட்சிக்கு இவை அடிப்படை. இவற்றைக் கடைப்பிடிப்பது அரசின் கடமை. கடமைதான், ஆனால் தவறினால் கேட்க ஆளில்லாத கடமை! நம் வீட்டுப் பெரியவர்கள் கல்யாணப் பத்திரிகையில் "இதையே நேரில் வந்து அழைத்ததாகப் பாவித்து" என்று எழுதுவார்களே, அந்த மாதிரி இருக்கிறது.

சட்டம் இருந்தும் காரியம் நடக்காமற் போவது எப்படி? ஒரு வழக்கின் கதையைச் சொல்கிறேன். நம் தமிழ்நாட்டு வழக்கு அது. மாமல்லபுரத்துப் பக்கம் இருந்த அநாதை இல்லங்களில் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றி ஒரு பத்திரிகைக் கட்டுரை வெளிவந்தது. அது உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாகப் போய், 2007-இல் பொதுநல வழக்காயிற்று. அந்த வழக்கில் தீர்ப்பு வந்த நாள் 2017-ஆம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி. நல்ல தீர்ப்பு, எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், சமூகத் தணிக்கை நடக்க வேண்டும், கூடியவரையில் குழந்தையைக் குடும்பத்தில் வளர்க்க வழி செய்ய வேண்டும் என்றெல்லாம் விரிவாகச் சொன்ன தீர்ப்பு. நீதிபதிகளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தேசத்தில் உள்ள அத்தனை மாநிலங்களிடமிருந்தும் விவரம் வரவழைத்துக் கேட்டுச் சொன்னார்கள்.

ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2007-இல் எட்டு வயதாயிருந்த குழந்தைக்கு 2017-இல் பதினெட்டு. சட்டத்தின் கண்ணில் அது இனிக் குழந்தையே இல்லை. அதன் பொருட்டு எழுதப்பட்ட தீர்ப்பு அதற்குப் பொருந்தாது! நிலத் தகராறு பத்து வருஷம் நடந்தால் நிலம் அங்கேயே கிடக்கும். பாகப்பிரிவினை வழக்கு முப்பது வருஷம் நடந்தால் பேரன் காலத்திலாவது பாகம் கிடைக்கும். குழந்தையின் விஷயம் மட்டும் அப்படியில்லை. வழக்கில் உள்ள பொருளே வளர்ந்து, உருமாறி, இல்லாமற் போய்விடுகிறது.

இதுதான் என் மனத்தை உறுத்துகிற விஷயம். சர்க்கார் ஒரு காலக் கணக்கில் வாழ்கிறது. குழந்தை வேறொரு காலக் கணக்கில் வாழ்கிறது. சர்க்காருக்கு ஐந்தாண்டு ஒரு திட்டம். குழந்தைக்கு ஐந்தாண்டு என்பது பேசக் கற்பதிலிருந்து பள்ளிக்கூடம் போவது வரையிலான ஒரு முழு யுகம். கோப்பு மேஜையில் இருந்தாலும் பரணில் இருந்தாலும் அதற்கு மூப்பு இல்லை, தூசிதான் படியும். தாமதம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது பெரியவர்கள் விஷயத்தில் தாமதம். குழந்தைகள் விஷயத்தில் அதற்கு மறுத்தல் என்றுதான் பெயர்.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. காப்பாரற்ற குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும்; சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும்; இறுதி உத்தரவு 4 மாதத்தில் வர வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கறாராக நாள் குறித்திருக்கிறார்கள். இழுத்தடிக்கும் குழுவைக் கலைத்துவிட்டுப் புதிய குழு அமைக்க வேண்டும் என்று கூட எழுதியிருக்கிறார்கள். படித்தபோது சந்தோஷமாக இருந்தது. பிறகு யோசித்தேன். குழு கலைந்தால் குழந்தை என்ன செய்யும்? புதிய குழுவுக்காகக் காத்திருக்கும். தாமதத்துக்கு விதித்த தண்டனையும் கடைசியில் தாமதமாகவே வந்து அந்தக் குழந்தையின் தலையில்தான் விடிகிறது.

மனித உரிமை ஆணையத்துக்கு வருவோம். 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, உரிமை மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டு கழிந்த பின் அந்த விஷயத்தை ஆணையம் விசாரிக்கலாகாது என்று சொல்கிறது. சர்க்கார் பத்தாண்டு எடுத்துக்கொள்ளலாம். முறையிடுகிறவன் மட்டும் ஓராண்டுக்குள் வந்துவிட வேண்டும்! பெரியவன் வருவான்; வக்கீலைப் பார்ப்பான்; மனு எழுதுவான். ஓர் இல்லத்தின் சுவர்களுக்குள் கொடுமைக்கு ஆளான ஒன்பது வயதுப் பெண் குழந்தை, தனக்கு நடந்தது கொடுமை என்று புரிந்து கொள்ளவே ஐந்தாறு வருஷம் ஆகலாம். அதைச் சொல்லத் தைரியம் வர இன்னும் சில வருஷம். அப்புறம் அவள் வந்து நின்றால், 'அம்மா, காலங்கடந்து வந்திருக்கிறாய்' என்பதுதான் பதில்.

பீகாரில் முசாபர்பூரில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சர்க்கார் பணத்தில் நடந்த இல்லம் அது. 2018-இல், மும்பையில் உள்ள டாட்டா சமூகவியல் கழகத்திலிருந்து ஒரு குழு வந்து சமூகத் தணிக்கை செய்தபோதுதான் அங்கிருந்த பெண் குழந்தைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை வெளியுலகுக்குத் தெரிந்தது. 2020 ஜனவரியில் டில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அந்தக் குழுவினர் மாயமந்திரம் ஒன்றும் செய்துவிடவில்லை. குழந்தைகளோடு உட்கார்ந்து பேசினார்கள். மேற்பார்வை என்பதற்குப் பதிவேட்டைப் புரட்டுவது என்று பொருள் கொண்டால், எல்லா இல்லமும் நல்ல இல்லந்தான். அரிசி மூட்டைக் கணக்குச் சரியாகத்தான் இருக்கும்.

இந்த இல்லங்களில் இருப்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்வது அவசியம். ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமே ஏற்பாடு செய்த ஒரு கணக்கெடுப்பு 2018-இல் வெளிவந்தது. 9,500-க்கும் மேற்பட்ட இல்லங்களைப் போய்ப் பார்த்தார்கள். பராமரிப்புத் தேவைப்படுகிறவர்கள் என்று அங்கே இருந்த குழந்தைகள் சுமார் 3,70,000. இவர்களில் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்கள் ஏறத்தாழ 41,000 பேர்தான். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். அநாதை இல்லம் என்று பலகை போட்டிருக்கிறோம், உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர், ஏழைகள். விதவைத் தாய் ஒருத்தி தன் மகனை இல்லத்தில் விடுவதற்குக் காரணம் பாசம் இல்லாமை அன்று, பணம் இல்லாமை. அவள் கையில் மாதம் சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பிள்ளை அவள் மடியிலேயே வளர்ந்துவிடும்.

இதுவும் சர்க்காருக்குத் தெரியும். உறவினர் வீட்டிலோ தாயிடமோ வளரும் ஆதரவற்ற குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித் தொகை என்று 2022-இல் வந்த 'மிஷன் வாத்சல்யா' விதிமுறைகளில் வகுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் அது 2,000 ரூபாய். நல்ல ஏற்பாடு. ஆனால் ஏற்பாட்டுக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு மேஜை இருக்கிறது. அந்த மேஜையின் உயரம் எவ்வளவு என்பதை நான் ஒரு கிழவியின் மூலமாகத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தாள் அந்தக் கிழவி. மகன் இறந்துவிட்டான். மருமகள் ஒரு நாள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் திரும்பவில்லை. பேரன் ஒருவன், பேத்தி ஒருத்தி. சில வருஷங்களுக்கு முன்பு, பேரனுக்குப் பதினாறு வயது இருக்கும்போது, உதவித் தொகைக்காக அவள் மனுப் போட்டாள். மஞ்சள் பையில் மகனின் இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பள்ளிக்கூடத்துக் காகிதம், ரேஷன் அட்டை, பாங்குப் புத்தகம் எல்லாம் இருந்தன. "தாயாரின் இறப்புச் சான்றிதழ் எங்கே?" என்று காரியாலயத்தில் கேட்டார்கள். ஓடிப் போனதற்குச் சான்றிதழ் எந்த ஊரில் கொடுக்கிறார்கள்? வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கும் ஓர் ஆள் அவளுக்கு வழி சொன்னானாம்: மருமகள் செத்துப் போனதாக ஒரு காகிதம் தயார் செய்துவிடலாம், செலவு கொஞ்சம் ஆகும் என்று.

"நீங்க என்ன சொன்னீங்க, பாட்டி?" என்று கேட்டேன்.

"எனக்கு மனசு வரலீங்க, ஐயா. அது எங்கேயோ உசிரோட இருக்கும். நம்ம வாயால செத்துட்டான்னு எழுதிக் குடுக்கலாமா? பிள்ளைங்க அம்மாவாச்சே" என்றாள்.

அவளுக்காக நான் இரண்டு மூன்று கடிதங்கள் எழுதினேன். 'தங்கள் கடிதம் தக்க நடவடிக்கைக்காக உரிய அலுவலருக்கு அனுப்பி வைக்கப்பட்டது' என்று பதில் வந்தது. எங்கே அனுப்பினார்கள், என்ன நடவடிக்கை என்பதைத் தெரிந்துகொள்ள மறுபடி எழுதினேன். மறுபடி அதே வாக்கியம் வந்தது. கடைசியில் ஒரு நாள் விசாரிக்க ஆள் வந்தார். மரியாதையான மனிதர். வண்டியருகில் நின்று காகிதங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். "பையனுக்கு வயசு தாண்டிவிட்டதே, அம்மா" என்றார். பையன் அதற்குள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் சேர்ந்திருந்தான். பேத்தியின் மனுவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

இதில் யார் கெட்டவர்? யாரும் இல்லை. சான்றிதழ் கேட்ட குமாஸ்தா விதியில் உள்ளதைக் கேட்டார். கடிதத்தை மேலே அனுப்பியவர் அனுப்ப வேண்டியதை அனுப்பினார். விசாரிக்க வந்தவர் தம்மிடம் காகிதம் வந்த பிறகு வந்தார். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு பையனின் படிப்பு நின்று போயிற்று. பழைய காலத்தில் ஒரு கொடுங்கோலன் இருந்தான் என்றால் பாவம் முழுவதும் அவன் தலையில் இருந்தது. ஊர் சபிக்க ஒரு முகம் கிடைத்தது. இப்போது அந்தப் பாவத்தை நூறு மேஜைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டோம். பங்கு அவ்வளவு சிறிதாகிவிட்டதால் யாருக்கும் பாரம் தெரியவில்லை. ஆனால் பாவம் குறையவில்லை. குழந்தையின் மேல் அது முழுப் பாரமாகத்தான் இறங்குகிறது.

கிழவி ஒரு பொய் சொல்லியிருந்தால் பணம் சீக்கிரம் வந்திருக்கலாம். உண்மை பேசுகிறவளைத் தண்டிக்கிற ஒரு விதியை நாம் வைத்திருந்தோம் என்பதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. 2025 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு 'அன்புக் கரங்கள்' என்ற பெயரில், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுப் போன குழந்தைகளையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். இதை எழுதிய கை யாருடையதோ, அது நன்றாக இருக்கட்டும். அந்தக் கை சில வருஷம் முந்தி எழுதியிருந்தால் ஒரு பையன் இன்று கல்லூரியில் இருந்திருப்பான்.

இன்னொரு விஷயம். நம் சர்க்காருக்கு இரக்கம் வருவதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வருகிறது, பெரிய சாவு நேர்ந்தால் வருகிறது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது, நாகப்பட்டினத்தில் சில வாரங்களுக்குள் அரசு காப்பகம் திறந்தார்கள். கடலுக்குப் பெற்றோரைக் கொடுத்த குழந்தைகளை ஏற்று வளர்த்தார்கள். 2021-இல் கொரோனாக் கொள்ளைநோயில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்குத் தமிழ்நாட்டு அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை அறிவித்தது. ஒன்றிய அரசு 23 வயதாகும்போது 10 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. பாராட்ட வேண்டிய காரியங்கள்.

ஆனால் அதே 2021 மே மாதத்தில் லாரி மோதிப் பெற்றோரை இழந்த ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். அதே தெரு, அதே பள்ளிக்கூடம், அதே பசி. அதற்கு 10 லட்சம் இல்லை. அதன் பெற்றோர் தவறான காரணத்தால் செத்துவிட்டார்கள்! 2023-இல் உச்ச நீதிமன்றமே ஒன்றிய அரசிடம் இந்தக் கேள்வியைக் கேட்டது. இப்படி அநாதைகளில் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் வழக்கம் இங்கே புதியதும் அன்று. 1789-இல் சென்னை எழும்பூரில் கம்பெனியார் ஓர் ஆண் பிள்ளைகள் அநாதை இல்லம் தொடங்கினார்கள். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அங்கேதான், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் நம் திண்ணைப் பள்ளி முறையைக் கையாண்டு, 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அந்த இல்லம் யாருக்காக? கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக. நோய்க்கும் பஞ்சத்துக்கும் பெற்றோரைக் கொடுத்த பறங்கியல்லாத குழந்தை எந்த வாசலுக்குப் போயிற்றோ!

இங்கேதான் கருணைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் விளங்குகிறது. கருணை கொடுப்பவனின் மனத்தைப் பொறுத்தது. அவன் மனம் எப்போது இளகுகிறதோ அப்போது வரும். எதைக் கண்டு இளகுகிறதோ அதற்கு வரும். உரிமை, பெறுபவனின் தேவையைப் பொறுத்தது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதை வருகிறது. பெற்ற தாய் போட்டுவிட்டுப் போன குழந்தை அவன். ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காத்தது. வளர்ந்த பிறகு ஊர் அவன் பிறப்பைக் கிளறி அவமதித்து விரட்டியது. அவன் கையில் அமுதசுரபி கிடைத்தபோது, வந்தவர்களிடம் "உன் பிறப்பு என்ன? உன்னைப் பெற்றவர்கள் எப்படிச் செத்தார்கள்?" என்று கேட்டதாகக் கதையில் இல்லை. பசியா? உட்கார், சாப்பிடு. அவ்வளவுதான். அந்தக் கேள்விகளால் காயப்பட்டவன் அவன். ஆதலால் அவற்றைப் பிறரிடம் கேட்கவில்லை. நம் காரியாலயங்களில் அமுதசுரபி இருக்கிறது. அதன் மேல் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறோம்.

"எல்லாவற்றையும் சர்க்கார் தலையில் போடலாமா? சமூகம் என்ன செய்கிறது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. சமூகம் ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறது. நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களில் குழந்தையின் பிறந்த நாளன்று ஏதாவது ஓர் ஆசிரமத்தில் சாப்பாடு போடுவது வழக்கமாகிவிட்டது. நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறோம். ஆனால் அந்த இல்லத்துக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை யாரோ ஒரு குழந்தையின் பிறந்த நாளுக்கு அது கை தட்டிப் பாடுகிறது, லட்டுச் சாப்பிடுகிறது, போட்டோவுக்கு வரிசையில் நிற்கிறது. தன் பிறந்த நாள் எது என்று அதற்குத் தெரியுமோ, என்னவோ! தருமம் சோறு போட முடியும். பள்ளிக்கூடத்தில் இடம் கொடுக்கவோ, இல்லத்தின் பூட்டைத் திறந்து பார்க்கவோ, குற்றவாளியைக் கூண்டில் ஏற்றவோ தருமத்துக்கு அதிகாரம் கிடையாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதை நன்றாக அறிந்திருந்தார். போக்கிடம் இல்லாத தேவதாசிக் குலப் பெண்கள் தம் வாசலுக்கு வந்தபோது, உத்தரவுக்குக் காத்திராமல் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930-களின் தொடக்கத்தில் அடையாற்றில் ஔவை இல்லம் உருவானது அப்படித்தான். அத்தோடு அவர் ஓய்ந்திருந்தால் நாம் அவரைப் புண்ணியவதி என்று கும்பிட்டுவிட்டுப் போயிருப்போம். அவரோ விடாமல் சட்டத்துக்காகவும் போராடினார். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. ஒரு வீட்டில் எத்தனை பெண்களுக்கு இடம் கொடுக்க முடியும் என்பது அவருக்குத் தெரியும். தனி மனிதரின் அன்பு வழி காட்டும். வழியைச் சாலையாக்க வேண்டியது அரசு.

சர்க்கார் தாயைப் போல் அன்பு காட்ட முடியாது. அதை நானும் எதிர்பார்க்கவில்லை. தாலாட்டுப் பாடும்படி யாரும் சர்க்காரைக் கேட்கவில்லை. அது செய்யக் கூடியவை சில உண்டு; அவற்றையாவது செய்யட்டும். முதலாவது, எண்ணட்டும். 2011 வரையில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுக் கூரை ஓடா ஓலையா என்று கேட்டார்கள். பெற்றோர் இல்லாத குழந்தைகள் எத்தனை என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி இல்லை. பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காத அநாதைக் குழந்தைகளைக் கணக்கெடுக்கும்படி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஆகஸ்டில். எண்ணப்படாதவன் எப்படிக் காப்பாற்றப்படுவான்? இரண்டாவது, போய்ப் பார்க்கட்டும்; பதிவேட்டை அல்ல, குழந்தையை. மூன்றாவது, குறித்த நாளில் முடிவு சொல்லட்டும். 'இல்லை' என்றாலும் சரி, அதை எழுதிக் கொடுக்கட்டும். மேல்முறையீடு செய்யவாவது உதவும்.

பெற்றோருக்கு ஏங்கும் குழந்தைகள் ஒரு பக்கம். குழந்தைக்கு ஏங்கும் பெற்றோர் மறு பக்கம். தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் தம்பதிகள் முப்பதாயிரத்துக்கும் மேல். 2024-25-இல் நாடு முழுவதும் நடந்த தத்தெடுப்பு நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம். இல்லத்தில் இருக்கும் குழந்தைகளில் பலரைத் தத்துக் கொடுக்கலாமா கூடாதா என்று சட்டப்படி தீர்மானிப்பதே நாளாகிற காரியம். கைக்குழந்தையாக வந்தது ஆறு வயதுப் பிள்ளையாகிவிட்டால், பிறகு அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. பதினெட்டு முடிந்தால் இல்லத்தின் கதவும் அடைபட்டுவிடும். அதற்குப் பின்னும் இருபத்தொரு வயது வரை ஆதரவு தரச் சட்டத்தில் இடம் உண்டு. இடம் உண்டு என்பதற்கும் கிடைக்கிறது என்பதற்கும் உள்ள தூரத்தை இதுவரை சொன்னதிலிருந்து வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். எந்த வீட்டிலாவது பிள்ளையின் பதினெட்டாவது பிறந்த நாளன்று பெட்டியைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டுகிறார்களா?

செய்யாமை குற்றமா என்று கேட்டேன். பொறுப்பு இல்லாதவன் செய்யாமல் இருந்தால் அது குற்றமில்லை, அதிகபட்சம் அலட்சியம். பொறுப்பை ஏற்றுக்கொண்டு, 'நானே தகப்பன்' என்று சட்டத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு, மற்றவர்கள் தலையிடாதபடி அதிகாரத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, பிறகு செய்யாமல் இருந்தால் அது குற்றம்தான். அந்தக் குற்றத்துக்குத் தனியாக ஒரு முகம் இல்லை என்பதால் அது குற்றம் இல்லாமற் போய்விடாது.

பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். குழந்தை சம்பந்தமான ஒவ்வொரு கோப்பின் மேலட்டையிலும், கோப்பு எண்ணுக்கு மேலே, அந்தக் குழந்தையின் பிறந்த தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கட்டும். கோப்பு எந்த மேஜைக்குப் போனாலும், அங்கே இருக்கிறவர் கையெழுத்துப் போடுமுன் அதன் இன்றைய வயதைக் கணக்கிட்டு, தம் கையாலேயே அதன் கீழ் எழுதட்டும். ஐந்து வயது என்று ஒருவர் எழுதியிருப்பார். அடுத்தவர் ஆறு என்று எழுத வேண்டியிருக்கும். அதற்கு அடுத்தவர் எட்டு என்று எழுத வேண்டியிருக்கும். எட்டு என்று எழுதும்போது, நல்ல மனிதராக இருந்தால், அவருடைய பேனா ஒரு கணம் நிற்கும். எனக்கு நம்பிக்கை இருப்பது அந்த ஒரு கணத்தின் மேல்தான்.